முதலில் சின்ன மாத்திரை

வீராணம் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நடவு தொடங்கிவிட்டால், காட்டுமன்னார்கோயில் பக்கம் இடுப்பு வலியும் கூடவே தொடங்கிவிடும். மருந்துக் கடையில் வலி மாத்திரை நான்கு, "வயிறு புண்ணாகாம இருக்க" கேஸ் மாத்திரை நான்கு. கத்தரித்த அட்டைத் துண்டுகள் ஒரே கவரில் வரும். வீட்டில் சாப்பிட்டு முடித்து இரண்டையும் ஒன்றாக விழுங்குவார்கள். பிசகு அங்கேதான்.

இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் உண்டு. வெறும் வயிற்றில் பெரும்பாலானவை சும்மா கிடக்கும். சோறு இறங்கினால்தான் ஓடும். கேஸ் மாத்திரையாகத் தரும் ஒமிப்ரசோல், பான்டாப்ரசோல் வகை மருந்துகள் ஓடுகிற பம்பைத்தான் பிடிக்கும். அவை ரத்தத்தில் தங்குவதோ சில மணி நேரம். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். வயலுக்குக் கிளம்புகிறவர் பல் துலக்கியதும் சின்னதான கேஸ் மாத்திரை, பழைய சோறு சாப்பிட்ட பிறகு வலி மாத்திரை. பிடிபட்ட பம்பு மறுபடி ஓடாது, புதிது உருவாக வேண்டும். அதனால் பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒன்று போதும். முழுப் பலன் தெரிய மூன்று நாள் ஆகலாம். "போட்டும் கேக்கலையே" என்று இரண்டாக்குவது வீண்.

ஒமிப்ரசோல் கேப்சூலைப் பிரித்தால் ஜவ்வரிசியைவிடப் பொடியான மணிகள் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் அமிலத்தில் கரையாத மேல்பூச்சு. மருந்து குடலில் கரைந்து, ரத்தம் வழியாக இரைப்பைச் சுவருக்குத் திரும்ப வேண்டும். அடக்கப் போகும் அமிலத்துக்கே பயந்து சட்டை போட்டுக்கொண்டு போகிற மருந்து இது! மென்றாலோ பொடித்தாலோ பாழ்.

"விட்டால் எரியுது, அதனால விட முடியல" என்று வருடக்கணக்கில் போடுகிறவர்கள் உண்டு. டென்மார்க்கில் வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரை வைத்து நடத்திய சோதனை 2009-ல் வெளியானது. இவ்வகை மருந்தை 8 வாரம் சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். ஆக அந்த எரிச்சல் நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மாத்திரையை விட்டதன் எதிர்வினையாகவும் இருக்கலாம். நீண்ட நாள் போட்டால் பி12, மக்னீசியம் குறையலாம். அதற்காக, இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடும் பெரியவர்கள் கேஸ் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. குறைப்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மலம் தார் போலக் கறுத்துப் போனால் கடைக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு அடைத்து, வியர்த்து, இடக்கை வலித்தால் அதை வாயு என்று நினைத்துக் கேஸ் மாத்திரை தேட வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.