வீட்டு சர்வர் – 7: தோடியைத் தேடும் வேலை

மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு வட்டாரத்துப் பழைய வீடுகளில் மார்கழி தவறாமல் சபாவுக்குப் போன ஒருவராவது இருந்திருப்பார். அவரிடம் ஒரு டேப் ரிக்கார்டரும் இருந்திருக்கும். வானொலியிலிருந்து, கல்யாணக் கச்சேரியிலிருந்து, அனுமதி கொடுத்த சபாவிலிருந்து (கொடுக்காத சபாவிலிருந்தும்தான்) பதிந்த கேசட்டுகள் இன்னும் பீரோவில் கிடக்கும். இந்தப் பதிவுகள் எந்த மாதச் சந்தா சேவையிலும் கிடைக்காது. மியூசிக் அகாடமியில் ஆர்.டி. சாரி முன்னெடுத்து உருவான டேக் ஒலிக்காப்பகம் இருக்கிறது, பெரிய புதையல். ஆனால் அங்கே போய் உட்கார்ந்து கேட்கலாம், பிரதி எடுத்துக்கொண்டு வர முடியாது. உங்கள் வீட்டு கேசட்டை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

போன வாரம் நேவிட்ரோமை நிறுவி முடித்தோம். நம் பாட்டுகளை வீட்டிலிருந்தே ஒலிபரப்ப உதவும், 2020-ல் வெளிவந்த கட்டற்ற இசைச் சர்வர் மென்பொருள் அது. செல்போன் செயலிகளோடு அது பேசும் மொழி அதைவிடப் பழையது; நார்வேக்காரர் சிந்த்ரே மேஹுஸ் எழுதிய சப்சோனிக்கிலிருந்து வந்தது. 2016-ல் அவர் மூலநிரலை மூடினார். ஏற்கெனவே வெளியில் இருந்த நிரலை மற்றவர்கள் எடுத்து ஏர்சோனிக் முதலியவற்றை வளர்த்தார்கள். நேவிட்ரோம் புதிதாக எழுதப்பட்டதென்றாலும் அதே மொழியைப் பேசுகிறது. அதனால் ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம், ஐபோனில் ஆம்பர்ஃபை என்று எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். கூகுள் பிளே மியூசிக் 2020-ல் போனது, விங்க் 2024-ல் போனது. நம் வீட்டு டப்பாவை மூடுகிற முடிவை வேறு யாரும் எடுக்க முடியாது. ராஸ்பெரி பையும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து 10 வாட் இழுத்தாலும் மாதம் ஏழு யூனிட் சொச்சம்தான்.

இனி கேசட். ரிட்சி தெருவில் ஏதோ ஒரு யு.எஸ்.பி. பிளேயரை வாங்கி ஓடவிட்டால் பாட்டு வரும், ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். பிளேயரின் ஹெட், பதிந்த கருவியின் ஹெட் இருந்த கோணத்தில் இல்லாததே காரணம். ஹெட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்று உண்டு. அதை மெல்லத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். வயலினின் கீச்சும் மிருதங்கத்தின் சாப்பும் தெளிகிற இடத்தில் நிறுத்துங்கள். வெவ்வேறு கருவியில் பதிந்த கேசட் என்றால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்தாக வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இங்கே போன ஒலியை எந்த மென்பொருளும் பிறகு திருப்பித் தராது.

அடுத்தது வேகம். பதியும்போது பேட்டரி இறங்கியிருந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது பாட்டு விரைந்து, சுருதியும் ஏறிவிடும். 6 சதவீத வேக வித்தியாசம் கிட்டத்தட்ட அரைக் கட்டை. சில பதிவுகளில் வர்ணத்தில் ஒரு சுருதி, மங்களத்தில் வேறு சுருதி. மேல்நாட்டு இசைக்காரர்கள் இதற்குக் கருவி தேடுவார்கள். நமக்குத் தம்புரா பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பாடகர் எத்தனை கட்டையில் பாடுபவர் என்பது பழைய ரசிகருக்குத் தெரியும். அதைக் கொண்டு ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வேகத்தைத் திருத்திவிடலாம்.

ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள். மூன்று மணி நேரக் கச்சேரி ஏறக்குறைய ஒரு ஜி.பி. பிடிக்கும், ஒரு டெராபைட்டில் ஆயிரம் கச்சேரி. வெளியூரிலிருந்து கேட்கும்போது சர்வரே அதை ஓபஸ் வடிவுக்குச் சுருக்கி அனுப்பும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். உலகத்து இசைச் செயலிகள் எல்லாம் ஆல்பம், பாடகர், பாட்டு என்ற மூன்று தட்டில் உலகத்தை அடுக்குகின்றன. கச்சேரி அதில் அடங்காது. வயலின் யார், மிருதங்கம் யார், கடமா கஞ்சிராவா, எந்த சபா, எந்த வருடம், என்ன ராகம், யார் சாகித்யம்? நான் பின்பற்றுகிற ஏற்பாடு இது: ஒரு கச்சேரி ஓர் ஆல்பம், ஆல்பத்தின் பெயரில் வருடம் முதலில், பிறகு இடம், சாகித்யகர்த்தா ‘கம்போஸர்’ கட்டத்தில், ராகம் பாட்டின் பெயரோடு ஒட்டி. பக்கவாத்தியக்காரர்களைத் தனித்தனிப் பெயராக எழுதுங்கள். 2025-ல் வந்த 0.55 பதிப்பிலிருந்து நேவிட்ரோம் பல கலைஞர்களை அவரவர் பங்கோடு பிரித்துக் காட்டுகிறது. ராகத்துக்குத் தனி டேக் வைத்துக்கொள்ளவும் வழி வந்துவிட்டது.

ஒரே பெயரை ஒரே மாதிரி எழுதுவதுதான் எல்லாரும் சறுக்குகிற இடம். ஆங்கில எழுத்தில் தோடி ராகத்துக்கு மூன்று, தியாகராஜருக்கு நான்கு எழுத்துமுறை புழங்குகின்றன. சர்வர் அவற்றை ஏழு தனிப் பெயர்களாகவே பார்க்கும். முதல் நாளே ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இன்னொன்று, ஏ பக்கத்தில் தானம் பாதியில் நின்று பி பக்கத்தில் தொடரும் பல்லவிகள். இரண்டையும் ஒரே ஃபைலாக ஒட்டுங்கள்.

கேசட் உறையில் பெரும்பாலும் பாடகர் பெயர் மட்டும்தான் இருக்கும். வயலின் யார் என்பதை இரண்டு நிமிட நிரவலைக் கேட்டே சொல்லிவிடுகிற பெரியவர் உங்கள் வீட்டிலோ எதிர் ஃப்ளாட்டிலோ இருப்பார். டிஸ்க் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். அவரைக் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெளியூரில் இருக்கும் மகளுக்கு இதைத் திறந்துவிட வேண்டுமா? பல பிராட்பேண்ட் இணைப்புகளில் வீட்டுக்கென்று தனி ஐபி முகவரி தருவதில்லை. தெருவே ஒரு முகவரியில் வெளியே போகிறது. ரௌட்டரில் என்ன திறந்தாலும் பயன் இல்லை. வயர்கார்ட் அடிப்படையில் இயங்கும் டெயில்ஸ்கேலைச் சர்வரிலும் அவர் போனிலும் நிறுவினால் போதும். இப்படி வீட்டாருக்குள் நிற்பது சட்டத்துக்கும் நல்லது. தியாகராஜர் கிருதிக்கு உரிமையாளர் இல்லை, ஆனால் அதைப் பாடியவருக்கு நிகழ்த்து உரிமை 50 ஆண்டு இருக்கிறது. பழைய ரசிகர்கள் தெரிந்தவர்களுக்குள் கேசட் மாற்றிக்கொண்டார்கள், கடை போடவில்லை. அந்த எல்லை எனக்குச் சரியாகப் படுகிறது.

2015 டிசம்பரில் அடையாறு ஆறு கோட்டூர்புரத்தின் தரைத்தள வீடுகளுக்குள் நுழைந்ததை நினைவில் வைத்து, காப்புப் பிரதிக்கான இரண்டாவது டிஸ்க்கை வேறு பேட்டையில், மாடி வீட்டில் வையுங்கள். அந்த இரண்டு டிஸ்க்கும் இரவில் தாமாகவே ஒத்துப்போகும்படி செய்வது எப்படி என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)