குளிர்நிலச் சிவப்பு வைன்

குளிர்நிலச் சிவப்பு வைன் என்பது, திராட்சை வளரும் பருவத்தில் சராசரி வெப்பநிலை குறைவாக உள்ள பகுதிகளில் விளையும் கறுப்புத் திராட்சையிலிருந்து செய்யப்படும் வைன் ஆகும். பிரான்சின் பர்கண்டி, லுவார் பள்ளத்தாக்கு, ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கு, நியூசிலாந்தின் நடு ஒட்டாகோ, ஆஸ்திரேலியாவின் தாசுமேனியா ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற இடங்கள். வெப்ப நிலங்களின் சிவப்பு வைனோடு ஒப்பிடும்போது இதில் ஆல்ககால் குறைவாகவும் புளிப்பு கூடுதலாகவும் இருக்கும். பழப்பாகின் மணத்தைவிடப் புதிய பழத்தின் மணமே இதில் மேலோங்கும். இந்தியா வெப்ப நாடாயினும், இங்கு வைனுக்கான திராட்சை விளைவதும் குளிரை நம்பியே. அக்குளிர் பெறப்படும் வழி மட்டும் வேறு.

குளிரை அளத்தல்

1944 ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமெரின், விங்க்ளர் ஆகிய இருவரும் திராட்சை நிலங்களை வெப்பத்தின் அடிப்படையில் வகைப்படுத்தும் முறையொன்றை வெளியிட்டனர். 10 பாகை செல்சியசுக்குக் கீழ் திராட்சைக் கொடி பெரும்பாலும் வளர்வதில்லை. எனவே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்தும் 10-ஐக் கழித்து, மீதியைக் கூட்ட வேண்டும். ஒரு நாளின் சராசரி 18 பாகை எனில் கணக்கில் சேர்வது 8. கூட்டுத்தொகை ஏறத்தாழ 1,390-ஐத் தாண்டாத நிலங்கள் முதல் வகை, அதாவது மிகக் குளிர்ந்த வகை. இதே கணக்கைச் சென்னைக்குப் போட்டால் விடை 4,000-ஐத் தாண்டிவிடும்.

இம்முறை எளியது, அதனாலேயே பரவியது. ஆனால் இது சராசரியை மட்டுமே காண்கிறது. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வேறுபாடு இதில் மறைந்துபோகிறது. திராட்சையைப் பொறுத்தவரை அவ்வேறுபாடு சிறிய செய்தி அன்று.

பழத்தினுள் நிகழ்வது

காய் கறுக்கத் தொடங்கியதும் அதில் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். திராட்சையின் முதன்மையான அமிலங்கள் இரண்டு. ஒன்று டார்டாரிக் அமிலம். நம் சமையற்புளிக்குப் புளிப்பைத் தருவதும் இதுவே. மற்றொன்று பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம். பழம் சுவாசிக்கும்போது மாலிக் அமிலத்தை எரிபொருளாகச் செலவிடுகிறது. வெப்பம் கூடக்கூட இச்செலவும் கூடும். டார்டாரிக் அமிலம் அவ்வளவு எளிதில் குறைவதில்லை. இரவு குளிர்ந்தால் சுவாசம் தணிந்து மாலிக் அமிலம் எஞ்சி நிற்கும். குளிர்நில வைனின் புளிப்புக்கு இதுவே காரணம்.

சர்க்கரையே பின்னர் ஆல்ககாலாக மாறுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் உள்ள ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்து ஒரு விழுக்காடு ஆல்ககாலைத் தரும். ஆனால் பழுத்தல் என்பது சர்க்கரை ஏறுவது மட்டுமன்று. தோலிலும் விதையிலும் உள்ள டானின்களின் துவர்ப்பு முதிர வேண்டும், மணப்பொருட்கள் உருவாக வேண்டும். இவ்விரு வேலைகளும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. வெப்ப நிலத்தில் சர்க்கரை முந்திக்கொள்ளும். துவர்ப்பு முதிரும்வரை உழவர் காத்திருந்தால் ஆல்ககால் 15 விழுக்காட்டை எட்டிவிடும். குளிர்நிலத்தில் சர்க்கரை மெதுவாக ஏறுவதால் மற்றவற்றுக்கு நேரம் கிடைக்கிறது. 12 அல்லது 13 விழுக்காட்டிலேயே பழம் முழுமை பெற முடியும்.

முடியும் என்றுதான் கூற இயலும். பருவம் குறுகினாலோ இலையுதிர்கால மழை முந்தினாலோ பழம் முதிராமலோ அழுகியோ போகும். குளிர்நிலத்தில் ஓர் ஆண்டின் வைனுக்கும் அடுத்த ஆண்டின் வைனுக்கும் பெரும் வேறுபாடு இருப்பது இதனால்தான். சர்க்கரை போதாத ஆண்டுகளில் சாற்றில் சர்க்கரை சேர்க்கும் வழக்கமும் உண்டு. இதை 1801 இல் எழுதிய நூலில் பரிந்துரைத்த பிரெஞ்சு வேதியியலாளர் சப்டாலின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. மிகுதியான புளிப்பைத் தணிக்க மற்றொரு வழி உள்ளது. நொதித்தலுக்குப் பின் பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தைத் தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. சிவப்பு வைன் அனைத்துக்கும் பெரும்பாலும் இது செய்யப்படுகிறது.

நிறமும் மணமும்

குளிர்நில வைன் வெளிறியிருக்கும் என்பது பரவலான கருத்து. இது பாதி உண்மையே. பர்கண்டி வைன் வெளிறியிருப்பதற்கு முதற்காரணம் அங்கு வளரும் பினோ நுவார் என்னும் வகை. அதன் தோலில் ஆந்தோசயனின் நிறமிகள் இயல்பாகவே குறைவு. வெப்பநிலை 35 பாகையை நெருங்கும்போதுதான் இந்நிறமிகள் உருவாவது தடைப்படுகிறது. மிதமான குளிர் நிறத்துக்குத் துணையே செய்கிறது.

கபர்னே சோவிஞான், கபர்னே பிராங்க் வகைகள் குளிர்நிலத்தில் முதிராமல் நின்றால் குடைமிளகாயின் மணம் வீசும். பைரசின் வகைச் சேர்மங்களே இதற்குக் காரணம். சிராசு வகையில் தோன்றும் மிளகு மணம் இன்னும் வியப்பானது. அது உவமை அன்று. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008 இல் அம்மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்று கண்டறிந்தனர். கருமிளகின் மணத்தைத் தருவதும் அதே சேர்மம்தான். குளிர்ந்த தோட்டங்களின் சிராசில் இது கூடுதல். ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் இதை முகரவே முடிவதில்லை. எனவே ஒரே கோப்பையைப் பற்றி இருவர் வெவ்வேறாகக் கூறினால் இருவருமே சரியாக இருக்கக்கூடும்.

இந்தியாவில்

உலகின் வைன் திராட்சை பெரும்பாலும் 30 முதல் 50 பாகை அகலாங்குகளுக்கு இடையில் விளைகிறது. நாசிக் 20 பாகையில் உள்ளது. அங்கு கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குவதில்லை. உழவர்கள் ஏப்ரலில் ஒரு முறையும், மழைக்காலம் முடியும் செப்டம்பர், அக்டோபரில் மறு முறையும் கவாத்து செய்கின்றனர். இரண்டாம் கவாத்துக்குப் பின் வரும் குலைகளே சனவரி முதல் மார்ச்சு வரை அறுவடையாகின்றன. இடத்தை மாற்ற இயலாததால் மாதத்தை மாற்றிக்கொண்டனர் எனலாம்.

இதன் பயனை ஓர் ஒப்பீட்டால் அறியலாம். சென்னை ஈக்காட்டுத்தாங்கலுக்கு அண்மையிலுள்ள மீனம்பாக்கத்தில் சனவரிப் பகல் ஏறத்தாழ 29 பாகையும் இரவு 21 பாகையும் இருக்கும். நாசிக்கில் பகல் வெப்பம் அதே அளவுதான். இரவோ 10 பாகை அளவுக்கு இறங்கும். கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதி ஏறக்குறையச் சென்னையின் அகலாங்கிலேயே உள்ளது. அங்கு தோட்டங்கள் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர் கிடைக்கிறது. கிரோவர் நிறுவனம் அங்கிருந்து 1992 இலும், நாசிக்கின் சுலா நிறுவனம் 2000 இலும் தத்தம் முதல் வைனை வெளியிட்டன.

ஆயினும் நாசிக்கைக் குளிர்நிலம் என அழைப்பது பொருந்தாது. பர்கண்டியில் பழம் ஆகசுட்டு வெயிலிலிருந்து செப்டம்பர்க் குளிரை நோக்கி முதிர்கிறது. நாசிக்கில் சனவரிக் குளிரிலிருந்து, 35 பாகையைத் தொடும் மார்ச்சு வெயிலை நோக்கி முதிர்கிறது. அமிலத்தைக் காக்க வேண்டிய கடைசி வாரங்களிலேயே வெப்பம் ஏறுகிறது. எனவே அறுவடை நாளைத் தேர்வதில் சில நாட்கள் பிசகினாலும் வைனின் புளிப்பு குறைந்துவிடும்; அவ்வாறு குறையும்போது சாற்றில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது வெப்ப நாடுகளின் வழக்கம்.

தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் மாதத்தை மாற்றியும் இத்தகைய குளிர் கிடைப்பதில்லை. பந்தலில் படரும் கொடி அங்கு ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் காய்க்கும். 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மசுக்கட் ஆம்பர்க் என்னும் கறுப்பு வகையாகும். அது பெரும்பாலும் பழமாகவே உண்ணப்படுகிறது.

புவி சூடாதலின் விளைவு

பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் 2018 வரையிலான திராட்சை அறுவடை நாட்களை ஆய்வாளர்கள் தொகுத்து 2019 இல் வெளியிட்டனர். 1988 முதல் அறுவடை, முந்தைய காலத்தின் சராசரியைவிட ஏறத்தாழ 13 நாட்கள் முன்னதாக நடக்கிறது. முன்பு பழம் முதிராது என்று கருதப்பட்ட சரிவுகளில் இப்போது முதிர்கிறது. ஜெர்மானியப் பினோ நுவாரின் தரம் உயர்ந்ததில் இதற்கும் பங்குண்டு. மறுபுறம், இளவேனில் முந்துவதால் மொட்டும் முந்தி விரிகிறது. விரிந்த மொட்டு உறைபனியைத் தாங்காது. 2021 ஏப்ரல் தொடக்கத்தில் பிரான்சில் வெப்பமான நாட்களைத் தொடர்ந்து உறைபனி வந்தபோது, உழவர்கள் இரவு முழுவதும் தோட்டங்களில் தீப்பந்தங்களையும் மெழுகு விளக்குகளையும் ஏற்றிவைத்தும் பர்கண்டி உட்படப் பல பகுதிகள் அவ்வாண்டு விளைச்சலில் பெரும்பகுதியை இழந்தன.