ரோமர் ஆண்ட பிரிட்டன்: கிராமம் கூறும் சாட்சி

ஒரு தரப்பை மட்டும் விசாரித்து அளிக்கும் தீர்ப்பு நியாயமான தீர்ப்பாகாது என்பதை நீதிஸ்தலங்களில் பழகியோர் அனைவரும் அறிவர். ஆனால் சரித்திரம் என்னும் நீதிஸ்தலத்தில் அத்தகைய தீர்ப்புகள் நெடுங்காலம் செல்லுபடியாகி வந்திருக்கின்றன. ரோமர் ஆட்சியிலிருந்த பிரிட்டனைப் பற்றிய தீர்ப்பு அவற்றுள் ஒன்று.

கி.பி. 43-இல் கிளாடியஸ் சக்கரவர்த்தியின் சேனை அத்தீவில் இறங்கிற்று. சுமார் 410 வரை ரோமரின் ஆதிக்கம் அங்கு நிலவியது. அவ்வாதிக்கமே நாட்டிற்கு நாகரிகத்தைக் கொணர்ந்தது என்பது ஆங்கில ஆசிரியர் பலரின் முடிவு. குடிகள் ரோம பாஷையையும் பழக்கங்களையும் ஏற்று ரோமரைப் போலவே ஆயினர் என்று ஆக்ஸ்போர்டு அறிஞர் ஹேவர்பீல்டு 1905-இல் ஒரு பிரசங்கத்தில் வாதித்தார். தாமே பெரியதொரு சாம்ராஜ்யத்தை ஆண்டுவந்த அக்காலத்து ஆங்கிலேயருக்கு இம்முடிவு இனித்ததில் வியப்பென்ன?

இதற்குக் காட்டப்பட்ட சாட்சி யாது? பெரும்பாலும் கல்லே. சில்செஸ்டர் என்னும் பாழ்நகரில், மதிலுக்குட்பட்ட சுமார் 100 ஏக்கர் நிலம் 1890 முதல் 1909 வரை அகழப்பட்டது. நேரான வீதிகளும், மன்றமும், ஸ்நான மண்டபமும், கோயில்களும் வெளிப்பட்டன. இடையிடையே தோன்றிய வெற்றிடங்களைத் தோட்டங்கள் என்று எண்ணினார்கள். ரெடிங் சர்வகலாசாலையார் 1997 முதல் 2014 வரை அந்நகரின் ஒரு பகுதியைப் பொறுமையோடு மீண்டும் தோண்டினார்கள். வெற்றிடத்தில் மரவீடுகள் நின்ற சுவடுகள் தென்பட்டன. மரம் மக்கி மண்ணில் வெறுங்கறையாய் எஞ்சியிருந்தது. கல்லையே தேடிய கண்களுக்கு அக்கறை புலப்படவில்லை. அதற்கும் கீழே, ரோமர் வருமுன்பே வீதி வகுத்து வாழ்ந்த பூர்வகுடிகளின் ஊர் கிடந்தது! நாகரிகம் கப்பலேறி வந்தது என்ற வாதம் அங்கேயே ஆட்டங்கண்டது.

நகரத்திலேயே இக்கதியென்றால் கிராமத்தைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? கிராமம் என்றால், வில்லா எனப்படும் செல்வர்களின் பண்ணை மாளிகைகளையும், அவற்றின் சித்திரத் தளங்களையுமே முந்தைய ஆராய்ச்சியாளர் பெரிதும் நாடினர். 1990-க்குப் பின் நிலைமை மாறியது. கட்டடம் எழுப்புமுன் நிலத்தின் தொன்மையைச் சோதிக்க வேண்டும் என்ற நெறி அவ்வாண்டு இங்கிலாந்தில் ஏற்பட்டது. சாலைக்கும் வீட்டிற்கும் நிலத்தை வெட்டிய இடங்களிலெல்லாம் புதைந்த சிற்றூர்கள் தலைகாட்டின. சுமார் 2,500 குடியிருப்புகளின் விவரங்களைத் திரட்டி, 2016 முதல் 2018 வரை மூன்று பெருநூல்கள் வெளியிடப்பட்டன.

அவை கூறும் சாட்சி என்ன? ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். மாளிகைவாசிகளோ மிகச் சிலர். ஏனையோர் பள்ளம் சூழ்ந்த சிறு பண்ணைகளில் பயிரிட்டும் கால்நடை வளர்த்தும் வாழ்ந்தனர். வடக்கிலும் மேற்கிலும் பலர் முன்னோர் வழக்கப்படி வட்ட வீடுகளிலேயே வசித்தனர். கிராமத்து இடுகாடுகளில் கிடைத்த எலும்புகள் பலவற்றில் ஊட்டக்குறைவின் அடையாளமும் ஓயாத உழைப்பின் தேய்வும் காணப்படுகின்றன. நகரத்தாரின் உணவும், சேனையின் படியும், சர்க்காரின் வரியும் இவர்கள் விளைவித்த தானியத்தால் நடைபெற்றவை அல்லவா?

ரோமரால் ஒரு பயனும் விளையவில்லை என்பது நம் வாதமன்று. தென்கிழக்குப் பகுதியில் ரோம நாணயமும், நல்ல மட்கலங்களும் எளிய பண்ணைகளிலும் கிடைக்கின்றன. சாலையும் சந்தையும் சிலருக்கு உதவின. ஆனால் சிலர் பெற்ற நன்மையை நாடு முழுவதும் பெற்றதாகக் கணக்கெழுதுவது எவ்வாறு பொருந்தும்?

ஆண்டவன் கல்லில் எழுதுகிறான். உழுதவனோ மண்ணில் ஒரு கறையை மட்டும் விட்டுச் செல்கிறான். அக்கறையையும் படிக்கக் கற்ற பின்னரே அந்நாட்டின் வழக்கில் மறுதரப்புச் சாட்சி கூண்டேறியது. எந்தத் தேசத்தின் சரித்திரத்தைப் படிப்போரும், தீர்ப்பை ஏற்குமுன் ஒன்று கேட்க வேண்டும்: குடியானவனை விசாரித்தீர்களா?