புள்ளிக் கோலம் சொல்லும் ரகசியம்

அம்பத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்கு இறங்க ஒரே ஒரு படி. போன தை மாதம் என் மாமியார் அங்கே கால் தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக் கொண்டார். "படி இருக்கறதே தெரியலைடி! எல்லாம் ஒரே தரையாட்டம் இருந்தது" என்றார். கூடம், படி, தாழ்வாரம் மூன்றும் ஒரே பொடி மொஸைக்!

தரை சமமா, சரிவா, பள்ளமா என்று கண் எப்படித்தான் தெரிந்து கொள்கிறது?

நாளைக் காலையில் வாசலில் புள்ளி வைத்ததும், நிலைப்படியில் நின்று கொஞ்சம் பாருங்கள். காலடியில் உள்ள புள்ளிகள் விலகி நிற்கும். தெருப் பக்கம் போகப் போக நெருக்கியடித்துக் கொள்ளும். வட்டப் புள்ளி தட்டையாகி முட்டை வடிவமாகத் தோன்றும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்தவர் நீங்கள்தான்! ஆனாலும் 'புள்ளி சிறுத்துவிட்டதே' என்று உங்கள் மனம் பதறுவதில்லை. 'தரை தள்ளிப் போகிறது' என்று புரிந்து கொள்கிறது. இந்த நெருக்கத்தின் ஏற்றம் எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜேம்ஸ் கிப்ஸன் 1950-ல் ஒரு புத்தகத்தில் விளக்கினார்.

யந்திரத்துக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம் அல்லவா? வட்டம் என்றால் கணக்கு சுலபம். முட்டை வடிவத்தின் அகலம் நீளத்தில் சரிபாதி என்றால், நேருக்கு நேர் நிற்க வேண்டிய பரப்பு 60 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சரளைக்கல் ரோட்டில் யார் புள்ளி வைத்தார்கள்? 1981-ல் ஆண்ட்ரூ விட்கின் ஒரு யுக்தி செய்தார். கல்லும் மண்ணும் உள்ள பரப்பில் சிறு விளிம்புகள் எல்லாத் திசையிலும் சமமாக இருக்கும் என்று வைத்துக் கொண்டார். படத்தில் அவை ஒரே பக்கமாகச் சாய்ந்து தெரிந்தால், சாய்ந்தது பரப்புதான்!

புல்தரையிலும் மரப்பலகையிலும் இந்த யுக்தி ஏமாந்துவிடும். அங்கே கோடுகள் இயற்கையாகவே ஒரு பக்கம் ஓடுகின்றனவே! மதுராவில் பிறந்த ஜிதேந்திர மாலிக்கும் ரூத் ரோஸன்ஹோல்ட்ஸும் 1997-ல் வேறு வழி காட்டினார்கள். ஒரு துண்டின் வடிவத்தைப் பக்கத்துத் துண்டோடு ஒப்பிட்டு, எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தார்கள். கட்டம் போட்ட புடவையைக் கொசுவினால், கட்டங்கள் மாறுவதிலேயே மடிப்பின் வளைவு தெரிகிறதல்லவா? அதே சங்கதிதான்.

இது வெறும் வேடிக்கை அல்ல. நம் பக்கத்து ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'முந்த்ரா' என்ற ஆளில்லா ஊர்தியை உலகம் 2017-ல் அறிந்தது. கண்ணிவெடி தேடுவதற்கென்றே அதில் ஒரு வகை உண்டு. அப்படிப்பட்ட ஊர்தியைத் தூரத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு, எதிரே இருப்பது மேடா பள்ளமா என்பது எத்தனை பெரிய கேள்வி!

மாமியாரின் படிக்கு வருவோம். படியின் விளிம்பில் மொஸைக் பொடிகளின் நெருக்கம் சட்டென்று மாறத்தான் செய்கிறது. ஆனால் பார்வை மங்கிய கண்ணுக்குப் பொடியே தெரிவதில்லை. பொடி தெரியாவிட்டால் விளிம்பு ஏது? இப்போது அந்த விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் பூசியிருக்கிறோம். "அழகைக் கெடுத்துட்டியே" என்று மாமியார் குறைப்பட்டுக் கொண்டார். ஆனால் கால் மட்டும் சரியான இடத்தில் இறங்குகிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படி இருக்கிறதா, பாருங்களேன்!