உங்களுக்குத் தெரியுமா? விரலுக்கு ஒரே ‘க’!

கேரளத்தின் பள்ளிவாசல் ஊர்த் தேயிலை மலையில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீட்டு மொழிகள். கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து. பார்வையற்றோருக்கான புள்ளியெழுத்தான பிரெய்லில் தடவிப் பார்த்தாலோ இரண்டு ‘க’வும் ஒன்றே: 1, 3-ஆம் புள்ளிகள்! இந்தி ‘க’வும் ஆங்கில ‘கே’யும்கூட அதேதான்.

• இந்திய மொழிகளுக்கான இந்தப் பொது முறை, 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல்.

• எல்லா மொழிப் பிரெய்லும் புள்ளிகளே என்பதால், கையடக்க பிரெய்ல் கருவியில் ஒரே வரிசை ஊசிகள் எல்லா மொழிக்கும் போதும். ஊசிகள் எழும்பும், படித்ததும் அமிழும், அடுத்த வரி எழும்.

• தடவி மட்டுமல்ல, கேட்டும் படிக்கலாம்: அச்செழுத்தைப் படித்துக் குரலில் சொல்லும் குர்ஸ்வைல் இயந்திரம் 1976-ல் மேசையை அடைத்து நின்றது. 2006-ல் கைக்குள் அடங்கியது. இன்று அந்த வேலையைச் செல்போன் கேமராவே செய்கிறது.