பிறர் பொருளும் தம் பெயரும்

வழிநூல் செய்தல் குற்றமன்று. வழிகாட்டியவரை மறைத்தலே குற்றம். பிறன்கோள் கூறலை நூலுக்குரிய உத்திகளுள் ஒன்றாகவே நன்னூலார் எண்ணினார். நம் உரையாசிரியர்களும் பிறர் கருத்தை ‘என்பாரும் உளர்’ எனத் தம் கருத்தினின்று பிரித்துக் காட்டினர். ஆய்வுச் சஞ்சிகைகள் இன்று அடிக்குறிப்பு என வேண்டுவதும் இவ்வொழுக்கத்தையேயாம். அது பிறழுமிடத்து விளையும் கேட்டினை அமெரிக்க மருத்துவ உலகில் நிகழ்ந்த வழக்கொன்று தெளிவாக்கும்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வு செய்த ஹெலேனா ரொட்பாட் என்னும் இளம் பெண்மணி, உணவை வெறுத்து உடல் மெலியும் நோயாளரிடத்து இன்சுலின் தொழிற்படும் முறைபற்றிக் கட்டுரையொன்றெழுதி, 1978இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகைக்கு அனுப்பினார். மதிப்பீட்டுக்காக அது யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் பீலிக்கிடம் சென்றது. அவர் அதனைத் தம்மிடம் பணிபுரிந்த விஜய் சோமனிடம் கொடுத்தார். கட்டுரையை ஏற்கவேண்டாம் என்றே யேலிலிருந்து விடை சென்றது. சின்னாளில், அதே பொருள்பற்றி அவ்விருவர் பெயரால் எழுந்த கட்டுரையொன்று வேறொரு சஞ்சிகையை அடைந்தது. அச்சஞ்சிகையோ, அதனை மதிப்பிடுமாறு ரொட்பாட்டின் மேலாளருக்கே அனுப்பிற்று! அவர்வழி அதனைப் பெற்றுப் படித்த ரொட்பாட், தம் வாக்கியங்கள் சிலவும் தாம் வகுத்த சூத்திரமும் அங்கே பிறர் பெயரில் இருக்கக் கண்டார்.

மேலாளரும் பேராசிரியரும் பழைய நண்பர். ஆதலின், ரொட்பாட்டின் கட்டுரை முன்னர் வெளிவருக எனத் தம்முள் உடன்பட்டு அமைந்தனர். ரொட்பாட் அமைந்தாரல்லர், முறையான விசாரணையே வேண்டி நின்றார். அது காலந்தாழ்த்தது. அதற்குள் அவர் ஆய்வுத்துறையையே விட்டு மருத்துவமனைப் பணிக்குச் சென்றுவிட்டார். 1980 பெப்ரவரியில் வெளியார் ஒருவர் யேலுக்குச் சென்று குறிப்பேடுகளைச் சோதித்தபோதுதான், சொற்கள் மட்டுமல்ல, முடிவுகளும் பொய்யாகப் புனையப்பட்டமை வெளிப்பட்டது. கட்டுரைகள் பல மீட்டுக்கொள்ளப்பட்டன.

இவ்வழக்கு உணர்த்துவன மூன்று. மதிப்பீட்டாளர் கையில் வந்த கையெழுத்துப்படி அடைக்கலப் பொருள்; அதனைத் தம் பயனுக்கு எடுப்பது நம்பிக்கைத் துரோகம். களவுபற்றிய முறைப்பாட்டை நட்பினால் தீர்த்தலும் தகாது. சொற்களவு பெரும்பொய்யின் வெளித்தோற்றமாதலும் கூடும்.

1997இல் பிரித்தானியாவில் பத்திராதிபர்கள் கூடி நிறுவிய வெளியீட்டு ஒழுக்கக் குழு இதற்கொரு நெறி வகுத்துளது. ஐயம் எழுந்தால் முதற்கண் இரு கட்டுரைகளையும் ஒப்புநோக்குக. அடுத்து எழுதியவரிடம் விளக்கம் கேட்க. விளக்கம் பொருந்தாதாயின் அவர்தம் நிறுவனத்துக்கு அறிவிக்க. களவு பெரிதாயின், அச்சேறிய கட்டுரையைக் காரணங் கூறி வெளிப்படையாக மீட்டுக்கொள்க. கேளாது தண்டித்தலும் கேட்டும் மறைத்தலும் இந்நெறிக்குப் புறம்பு.

இக்காலத்துக் கணினி, சொல்லொற்றுமையைக் கணத்தில் காட்டும். ஆயின், சொல்லை மாற்றிப் பொருளைக் கவர்வாரை அது எளிதிற் காணாது. அவரைத் தடுக்கவல்லது பள்ளிப் பருவத்திலே படிந்த பழக்கமேயாம். ஆகவே, மாணவன் கட்டுரையில் நல்ல கருத்தொன்று கண்டவிடத்து, ‘இதனை எங்கே கற்றாய்?’ என அன்புடன் வினவுதல் ஆசிரியர் கடன். கற்ற இடத்தைச் சொல்ல நாணாத மாணவனே நாளை நம்பத்தகும் ஆய்வாளனாவான்.