உப்பிட்டவரை உள்ளளவும் நினை

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

சென்ற ஆண்டு கோடிக்கரைக்குச் சுற்றுலா சென்றோமே, நினைவிருக்கிறதா? வழியில் வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் நம் பேருந்து பத்து நிமிடம் நின்றது. வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். அங்கே ஒரு நினைவுத்தூண். "உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த இடம் இது" என்றார் ஆசிரியை. காந்தியடிகள் உப்பெடுத்தது தண்டியில் அல்லவா என்று நான் விழித்தேன். அந்த வெட்கத்தால் நூலகத்தில் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

கடல் நீர் வெயிலில் காய்ந்தால் உப்பாகிறது. அதற்குப் படிப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஆனால் 1882-ஆம் ஆண்டின் உப்புச் சட்டப்படி, அரசின் அனுமதியின்றி உப்புக் காய்ச்சுவது குற்றம். தானாக விளைந்து கிடக்கும் உப்பை அள்ளுவதும் குற்றம்! 1930-இல் சுமார் 37 கிலோ கொண்ட ஒரு மணங்கு உப்புக்கு வரி மட்டும் ஒன்றேகால் ரூபாய். கூழ் குடிப்பவனும் உப்பிட்டுத்தானே குடிக்க வேண்டும்? ஆகவேதான் அண்ணல் காந்தியடிகள் இவ்வரியை எதிர்க்க முனைந்தார். 1930 மார்ச் 12-இல் 78 தொண்டர்களுடன் புறப்பட்டு, ஏப்ரல் 6-இல் தண்டிக் கடற்கரையில் உப்பை அள்ளினார்.

தமிழகத்தில் அப்பொறுப்பை ஏற்றவர் மூதறிஞர் ராஜாஜி. அப்போது அவருக்கு வயது 51. ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்கள் நடக்கத் தொடங்கினர். அது ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த நாள் என்பதையும் கவனிக்க. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை இயற்றிய பாடலே அவர்களது நடைப்பாட்டு. செல்ல வேண்டிய இடமோ அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவின் கடைக்கோடி. சுமார் 240 கிலோமீட்டர். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை என்ற தேசபக்தர் அவர்களை எதிர்நோக்கி இருந்தார்.

நடப்பதற்குக் கால் இருந்தது. சோற்றுக்கு என்ன செய்வது? நூறு பேருக்கு இரண்டு வேளை உணவு என்றால் எத்தனை படி அரிசி வேண்டும் என்று நம் விடுதிச் சமையற்கட்டில் கேட்டால் தெரியும். அவர்கள் வழியிலுள்ள ஊர்களையே நம்பிப் புறப்பட்டவர்கள். இதனை நன்கு அறிந்திருந்தார் தஞ்சை கலெக்டர் தார்ன் துரை. நடப்பவர்களைத் தடுக்காமல் அடுப்புகளைத் தடுக்கத் திட்டமிட்டார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ அளிப்பவர்கள் ஆறு மாதம் வரை சிறை செல்ல நேரிடும் என்று துண்டுப் பிரசுரங்கள் மூலமும் தண்டோரா மூலமும் எச்சரித்தார். பசித்தவனுக்குச் சோறிடுவது குற்றம் என்று சோழ நாட்டில், காவிரிக் கரையில் பறை அறைந்தார்கள்! துரை நல்ல கெட்டிக்காரர்தான். ஆனால் நம் வீட்டுப் பெண்களைப் பற்றி அவருக்குத் தெரியாது.

மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் தங்கும் இடத்தருகே உணவுப் பாத்திரங்களை மண்ணில் மறைத்து வைத்து, அடையாளம் காட்டினார்கள். மரத்தில் தொங்கும் சோற்றுக்கு யாரைக் கைது செய்வது? வெளிப்படையாகவே உபசரித்துச் சிறை சென்றவர்களும் உண்டு. அந்தப் பொட்டலங்களில் புளிச்சோறுதான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். சித்திரை வெயிலில் அதுதான் கெடாது.

அதே வேளையில் போலீசார் பாடு திண்டாட்டமாயிற்று. அவர்களுக்குப் பொருள் விற்கவும், துணி வெளுக்கவும், முகம் மழிக்கவும் ஊரார் மறுத்தனர். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர் ஒருவருக்கு முகம் மழித்துக் கொண்டிருந்தார். பாதியில் அவர் போலீஸ்காரர் என்பது தெரிய வந்தது. உடனே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வழக்கு நீதிபதி முன் வந்தது. மீதியை மழித்துவிடு என்று ஆணையிட்டும் அவர் இணங்கவில்லை; வேண்டுமானால் நீங்களே மழித்துவிடுங்கள் என்று நீதிபதியிடமே கூறியதாகச் சொல்வார்கள். வைரப்பன் சிறை சென்றார். அவர் யாரையும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. தம் தொழிலைச் செய்ய மறுத்தார், அவ்வளவே.

ஏப்ரல் 28-இல் தொண்டர்கள் வேதாரண்யம் சேர்ந்தனர். 30-ஆம் நாள் அதிகாலையில் ராஜாஜி அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார். உடனே கைதாகி ஆறு மாதத் தண்டனை பெற்றார். பின்னர் மற்றவர்கள் தொடர்ந்து உப்பள்ளினர், தடியடியும் பட்டனர். வேதரத்தினம் பிள்ளையும் சிறை புகுந்தார், சொத்தையும் இழந்தார். அவர் 1946-இல் வேதாரண்யத்தில் பெண்களுக்காகக் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவினார். இப்போராட்டத்தில் ஈடுபட்ட ருக்மிணி லட்சுமிபதி அம்மையார், உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதற்பெண்மணி என்ற பெயர் பெற்றார். அதே 1946-இல் சென்னை மாகாணத்தின் முதற்பெண் அமைச்சரும் ஆனார்.

வரலாற்றுத் தேர்வில் "வேதாரண்யம் – சிறுகுறிப்பு வரைக" என்றால் ராஜாஜி, 1930, ஏப்ரல் 30 என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் எழுதப் போகிறேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. தொண்டர்கள் சிறை செல்வோம் என்று அறிந்தே புறப்பட்டவர்கள். பொட்டலம் கட்டிய பெண்மணியோ தண்டோராவைக் காதால் கேட்ட பிறகும் உலையில் அரிசியைப் போட்டாள். குழந்தைகள் உறங்கிக் கொண்டிருந்திருப்பார்கள். யாராவது காட்டிக் கொடுத்திருந்தால் அவ்வீட்டில் மறுநாள் யார் சமைத்திருப்பார்கள்? அவளுடைய பெயர் எந்தத் தூணிலும் இருக்க முடியாது. பெயர் தெரியாமலிருக்கத்தானே மரத்தில் கட்டினாள்!

சுற்றுலாவிலிருந்து திரும்புகையில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. திருத்துறைப்பூண்டி வரை பாட்டுப் பாடிக்கொண்டே வந்தோம். சாலையோரம் மரங்கள் இருந்தனவா என்றுகூட நான் கவனிக்கவில்லை. இவ்வாண்டும் அப்பக்கம் அழைத்துச் செல்வதாக ஆசிரியை கூறியிருக்கிறார். இம்முறை சன்னலோர இருக்கை எனக்கே வேண்டும்.